மலைக்காடும் சல்லிக் கரையும்

இலங்கையின் கீழ்க்கரையிலே, திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவுக்கு அண்மையில் கடலை நோக்கி அமைந்துள்ள சிற்றூர் சல்லி. முத்துமாரியம்மன் கோயிலாலும் மீன்பிடித் தொழிலாலும் அறியப்படுவது அவ்வூர். அங்கு வாழும் மக்களுக்கு ஆண்டு என்பது இரண்டு காற்றுகளின் ஆட்சி. ஐப்பசி தொடக்கம் தை வரை வீசும் வாடை, மழையைக் கொணரும். கடலையும் கொந்தளிக்கச் செய்யும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வீசும் கச்சான், கரையோரக் கடலைத் தணித்துத் தோணிகளைத் தொழிலுக்கு அழைக்கும். ஆனால் நிலத்தை வாட்டிவிடும். கிணற்று நீர் கீழிறங்கும்; புற்றரை கருகும்; மணல் கால்களைச் சுடும்.

கச்சான் ஏன் இவ்வாறு வறண்ட காற்றாக வருகிறது? அது புறப்படும் இடமோ பெருங்கடல். இந்து சமுத்திரத்தின் மேலாக நெடுந்தூரம் தவழ்ந்து, நீராவியை நிரம்ப உண்டு, இலங்கையின் தென்மேற்குக் கரையை அது வந்தடைகிறது. அங்கிருந்து சல்லியை அடைவதற்கிடையில் அதன் ஈரம் எங்கே போயிற்று? அதனை வாங்கி வைத்துக்கொண்டவை நாட்டின் நடுவே நிமிர்ந்து நிற்கும் மலைகள். மலைச்சரிவிலே ஏறும் காற்று குளிர்கிறது; குளிர்ந்த காற்று தன் ஈரத்தை மழையாகவும் பனிமூட்டமாகவும் சொரிந்துவிடுகிறது. அப்பால், கிழக்குச் சரிவிலே இறங்கும்போது அது மீண்டும் வெப்பமடைந்து, ஈரமற்ற காற்றாகக் கீழ்க்கரையை நோக்கி ஓடுகிறது. சல்லி மக்களின் முகத்தில் அனலாக மோதும் கச்சான், மலைநாட்டிலே தன் செல்வத்தைக் கொடுத்துவிட்டு வரும் காற்றேயாகும்.

அச்செல்வத்தை ஏற்றுக் காக்கும் இடங்களுள் தலையாயது ஓட்டன் சமவெளி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், மலைகளின் உச்சியிலே விரிந்து கிடக்கும் மேட்டுநிலம் அது. பரப்பு 3,160 ஹெக்டேயர். மேற்கே கிரிகல்பொத்தை 2,389 மீற்றர் உயரத்துடனும், வடக்கே தொட்டுப்பொலை 2,357 மீற்றர் உயரத்துடனும் காவல் நிற்கின்றன. இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலைக்கு அடுத்த நிலையில் உள்ளவை இவ்விரண்டு சிகரங்களுமே. நுவரெலியாவிலிருந்து அம்பேவளை, பட்டிப்பொலை வழியாக ஒரு பாதையும், ஒகியாவிலிருந்து மற்றொரு பாதையும் அங்கு செல்கின்றன. பட்டிப்பொலையில் உள்ள புகையிரத நிலையமே இலங்கையின் நிலையங்கள் யாவற்றிலும் உயரமானது; கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில் உள்ளது. அதற்கும் மேலே ஏறினாலன்றிச் சமவெளியைக் காணமுடியாது.

ஏறிச் சென்றோர் காணும் காட்சி வெப்பநாட்டுக்கு உரியதாகத் தோன்றாது. அலையலையாகப் புல்வெளி, அதன் மேடுகளிலும் மடிப்புகளிலும் கருமை படர்ந்த காடு, தாழ்ந்த இடங்களில் சதுப்பும் சிற்றோடைகளும். புல்லும் சோலையும் மாறிமாறி அமையும் இவ்வமைப்பை நீலகிரியின் உயர்நிலங்களிலும் காணலாம். சராசரி வெப்பநிலை 13 பாகை செல்சியசு அளவே. தை, மாசி மாதங்களின் விடியற்காலையிலே புல்நுனிகள்தோறும் உறைபனி வெண்ணிறமாகப் படிந்திருக்கும். சல்லியின் மணலில் வெறுங்காலுடன் நடந்து பழகிய ஒருவர் அங்கு கம்பளி ஆடையின்றி நிற்றல் அரிது.

மலைக்காட்டின் மரங்களை நோக்குவோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. அவை ஓங்கி வளர்ந்தவை அல்ல. காற்றின் வலிமையாலும் குளிராலும் குறுகி, முறுகி, தலை தட்டையாக நிற்பவை. கிளைகளெங்கும் பாசியும் பன்னமும் தொங்கும். இவற்றுள் சிங்கள மொழியில் கீன எனப்படும் மரம் சிறப்பானது. அது கடற்கரைவாழ் தமிழர் நன்கறிந்த புன்னையின் உறவு. தாவரவியலார் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்துள்ளனர். நெய்தல் நிலத்துப் புன்னை கரையிலே நிழல் பரப்ப, அதன் மலைநாட்டு உறவு முகிலின் நடுவே நிற்கிறது. புல்வெளியில் தனித்து நின்று செந்நிறப் பூங்கொத்துகளைத் தாங்கும் மற்றொரு மரம், நீலகிரியில் காட்டுப்பூவரசு எனப்படும் மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. காட்டின் அடிநிலத்தில் வளரும் நெலு என்னும் செடிவகையோ குறிஞ்சியின் குடும்பத்தது. இவ்வகைச் செடிகளுட் சில, பல ஆண்டுகள் பூவாதிருந்து, பின் ஒரே காலத்திற் பூத்துக் காய்த்து மடிவன. 2013 ஆம் ஆண்டில் அவை பெருவாரியாகப் பூத்தபோது, அக்காட்சியைக் காண நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் திரண்டு சென்றனர்.

இக்காடு செய்யும் தொழிலே இங்கு சிறப்பாகக் கருதத் தக்கது. மழை பெய்யாத நாளிலும் முகில் அதன் ஊடாகத் தவழ்ந்து செல்கிறது. அம்முகிலின் நுண்ணிய துளிகள் இலைகளிலும் பாசிகளிலும் ஒட்டித் திரண்டு சொட்டுச் சொட்டாக வீழ்கின்றன. மரமில்லா இடத்தில் அம்முகில் கலைந்து போயிருக்கும்; மரமுள்ள இடத்திலோ அது நீராகி நிலத்துள் இறங்குகிறது. நிலமும் அதற்கேற்றதாகவே உள்ளது. குளிரினால் இலைதழைகள் விரைவில் மக்கிப்போகாமல், நூற்றாண்டுகளாகப் படிந்து, கருநிறமான மண்ணாகி, கடற்பஞ்சு போல நீரை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. மாரியில் உண்டதைக் கோடையில் சிறிது சிறிதாக விடுவது அம்மண்ணின் இயல்பு. மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று பேராறுகளுக்கும் ஊற்றுநீர் வழங்குவது இவ்வுயர்நிலமே.

இதன் அருமையை அறிந்தோர் இடையில் தோன்றியிராவிடின் இக்காடு எஞ்சியிராது. 1834 ஆம் ஆண்டில் பிரித்தானியப் படை அலுவலர் இருவர் இம்மேட்டுநிலத்தைக் கண்டு, அக்காலத் தேசாதிபதி சேர் றொபேட் வில்மட் ஓட்டனின் பெயரை இதற்குச் சூட்டினர். அயலூர் மக்கள் அதற்கு முன்னரே மகா எலிய என இதனை அழைத்து வந்தனர். அக்காலத்திலேயே கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டிற் பரவத் தொடங்கிற்று. மலைச்சரிவுகளில் இருந்த காடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டி எரிக்கப்பட்டன. 1869 ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிய, தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் உழைப்பிலே தோட்டங்கள் மேலும் மேலும் உயர ஏறின. அந்நிலையில், 1873 ஆம் ஆண்டில், தாவரவியல் அறிஞர் சேர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தீண்டாது விடுமாறு அரசுக்கு அறிவுரை கூறினார். மலையுச்சிக் காடு இன்றும் நிற்பதற்கு அவ்வறிவுரை ஒரு காரணம்.

ஆயினும் அங்கு வாழ்ந்த விலங்குகளுக்குப் பாதுகாப்புப் பிந்தியே வந்தது. அக்காலத்துத் துரைமார்க்கு மலைக்காடு வேட்டைக்களம். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்க்கூட்டத்தை ஏவி மரைகளைத் துரத்தி வேட்டையாடியதைத் தாமே நூலாக எழுதி 1854 இல் வெளியிட்டார். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகக் கூறப்படும் மேஜர் றொஜர்ஸ், 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். சமவெளியில் ஒருகாலத்தில் உலவிய யானைகள் இன்று அங்கு இல்லை. வேட்டைக்கு வருவோர் தங்குவதற்கென அமைந்த பார் விடுதி, இப்பொழுது பார்வையாளர்க்கு விளக்கம் கூறும் நிலையமாக விளங்குகிறது. கொல்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் உறங்கிய கூரையின் கீழ், காண்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் நுழைகின்றனர்.

1969 இல் ஓட்டன் சமவெளி ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. 1988 இல் தேசிய பூங்கா ஆயிற்று. 2010 ஆம் ஆண்டில், சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்த்து, உலக மரபுரிமை இடமாக ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் இதனை ஏற்றுக்கொண்டது.

பாதுகாப்புக் கிடைத்த பின் பெருகிய விலங்கு மரை. அந்திப்பொழுதில் காட்டோரத்திலிருந்து கூட்டமாக வெளிப்பட்டுப் புல்வெளியில் மேயும் மரைகள், ஓட்டன் சமவெளிக்குச் சென்றோர் எவரும் மறவாத காட்சி. மரையை நாடிச் சிறுத்தை வருகிறது. அதனைக் காண்போர் சிலரே. ஆனால் பாதையோரச் சேற்றில் அதன் அடிச்சுவட்டைக் காண்போர் பலர். மரக்கிளைகளில் வாழும் முசுவின் மலைநாட்டுக் கிளை, குளிருக்கேற்ப அடர்ந்த நீண்ட உரோமம் உடையது. மூக்கின் நுனியிலே சிறு கொம்பு தாங்கிய ஓணான் ஒன்றும் இங்கு உண்டு. இலங்கை மலைகளையன்றி உலகில் வேறெங்கும் அது இல்லை. விடியலில் ஓடைக்கரையில் நின்று சீழ்க்கையொலி எழுப்பும் நீலநிறப் பறவை, மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி, காட்டுப்புறா ஆகியனவும் இந்நாட்டுக்கே உரிய புள்ளினங்கள்.

இவை யாவற்றிலும் அரியது மலைநாட்டுத் தேவாங்கு. ஒஸ்மன் ஹில் என்னும் அறிஞர் 1942 இல் இதனைத் தனி உள்ளினமாக விவரித்தார். அதன்பின் இது கண்ணிற் படுவதே அரிதாயிற்று; அழிந்துபோயிற்று என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2010 ஆம் ஆண்டில் இதன் முதற் புகைப்படங்கள் வெளியானபோதுதான், அகன்ற கண்களும் குறுகிய கால்களும் கொண்ட அச்சிற்றுயிர் இரவுக் காட்டிலே இன்னும் வாழ்கிறது என உலகம் உறுதியாக அறிந்தது. காட்டைத் துண்டு துண்டாக வெட்டாது விட்டமையாலேயே அது எஞ்சிற்று. மரத்துக்கு மரம் கிளைவழியே செல்லும் தேவாங்குக்கு, இடைவெட்டு எதுவும் கடத்தற்கரிய பேராறு போன்றது.

இனி, அங்கு செல்வோர் பெறும் இன்பம் யாது? பார் விடுதியிலிருந்து புறப்பட்டு வட்டமாகச் சென்று மீளும் நடைபாதை ஒன்று உண்டு. நீளம் ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோமீற்றர். புல்வெளியூடாகத் தொடங்கிக் காட்டினுள் நுழையும் அப்பாதை, முதலில் சிறிய உலகமுடிவையும், பின்னர் பெரிய உலகமுடிவையும் அடைகிறது. அங்கு நிலம் திடீரென முடிந்துவிடுகிறது. காலடியில் 2,800 அடிக்கு மேற்பட்ட செங்குத்தான பள்ளம். கீழே பொம்மைகள் போலத் தேயிலைத் தோட்டங்களும் குடியிருப்புகளும். வானம் தெளிந்த காலையில் தெற்கே வெகுதொலைவில் கடலின் கோடு. ஆனால் முற்பகல் ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து முகில் எழுந்து அத்தனையையும் வெள்ளைத் திரையால் மூடிவிடும். ஆதலின் விடியுமுன் எழுந்து செல்வோர்க்கே அக்காட்சி கிட்டும். மீளும் வழியில் பெலிகுல் ஓயாவின் மேல் பேக்கர் நீர்வீழ்ச்சி 20 மீற்றர் உயரத்திலிருந்து கரும்பாறைமீது வெண்ணுரையாகச் சிதறுகிறது.

இவ்வின்பத்துக்கு ஒரு விலை உண்டு. அதனைச் செலுத்துபவை விலங்குகள். பார் விடுதியின் அயலில் வந்து நிற்கும் மரைகளுக்கு, அன்பென்று எண்ணிச் சிலர் பாணும் இனிப்பும் ஊட்டுகின்றனர். உணவின் மணம் ஊறிய பிளாத்திக்குப் பைகளையும் அவ்விலங்குகள் விழுங்கிவிடுகின்றன. அவை குடலில் அடைபட, மரை மெலிந்து மடிகிறது. இறந்த மரைகளின் வயிற்றிலிருந்து இத்தகைய பைகள் எடுக்கப்பட்ட செய்திகள் பலமுறை வெளிவந்துள்ளன. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அலுவலர் வாயிலிலேயே பொதிகளைச் சோதித்துப் பிளாத்திக்கு உறைகளை நீக்குவது இதனாலேயே. அதனைத் தொல்லையென முணுமுணுப்போர் காரணத்தை அறிவராயின், தாமே அவிழ்த்துக் கொடுப்பர்.

காட்டுக்கும் நோய் உண்டு. 1970 ஆம் ஆண்டுகள் தொட்டு, சமவெளியின் காட்டில் மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து திரளாக மடிந்து வருவதை ஆய்வாளர் கவனித்து வந்துள்ளனர். புன்னையின் உறவான கீன மரமும் அவ்வாறு மடிவனவற்றுள் ஒன்று. வறட்சி, வளியிற் கலந்த மாசு, மண்ணின் இயல்பு எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. இடையில் உருளைக்கிழங்குப் பயிர்ச்செய்கைக்காக உழப்பட்டுப் பின் கைவிடப்பட்ட நிலத்தில் பழைய புல் முன்போல மீளவில்லை. ஐரோப்பியர் கொணர்ந்த மஞ்சட்பூ முட்செடி ஒன்று புல்வெளியில் புகுந்து பரவுகிறது. கோடையில் எவரோ எறியும் நெருப்புத் துணுக்கு, பல ஏக்கர்ப் புல்லைக் கருக்கவல்லது. உயரத்தில் உள்ள காட்டுக்கு ஒதுங்க வேறிடம் இல்லை; அதற்கு மேலே இருப்பது வானம் மட்டுமே.

மலையுச்சியிலே ஒரு காடு காய்வதனால் கடலோரத்துச் சல்லிக்கு நேர்வது யாது என நேயர்கள் வினவக்கூடும். அதனை அறிய, நீரின் வழியே நடத்தல் வேண்டும். ஓட்டன் சமவெளியின் வடமேற்குப் புறத்தில் ஊறும் அக்கரா ஓயா, அக்கரப்பத்தனைப் பகுதியின் தேயிலைத் தோட்டங்களினூடே இறங்குகிறது. லயங்களில் வாழும் தோட்டத் தொழிலாளர் அவ்வாற்றின் முதல் அயலவர். அது கொத்மலை ஓயாவாகி மகாவலியிற் சேர்கிறது. கண்டி நகருக்கு அருகே பொல்கொல்லையில், 1976 இல் அமைந்த அணையினால் மகாவலி நீரின் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கவழியே வடக்கே திருப்பப்படுகிறது. அந்நீர் அம்பன் கங்கையிற் கலந்து, எலகரையிலிருந்து புறப்படும் பழைய பெருவாய்க்கால் வழியே மின்னேரியாவைக் கடந்து, இறுதியில் கந்தளாய்க் குளத்தை வந்தடைகிறது.

கந்தளாய்க் குளத்தைத் திருகோணமலை மக்களுக்கு அறிமுகம் செய்தல் வேண்டா. குளக்கோட்டு மன்னன் கோணேசர் கோயிலின் பொருட்டு அதனைக் கட்டுவித்தான் என்பது கோணேசர் கல்வெட்டு முதலிய நூல்கள் பேணிய மரபு. இரண்டாம் அக்கபோதி மன்னன் ஏழாம் நூற்றாண்டில் அமைத்ததாக வரலாற்றாசிரியர் கூறுவர். எவர் கட்டியதாயினும், அக்குளத்தின் நீரே வயல்களுக்குப் பாய்வதுடன், திருகோணமலை நகருக்கும் அயலூர்களுக்கும் குழாய்வழிக் குடிநீராகவும் வந்துசேர்கிறது. திருப்பப்படாத மிகுதி நீரோ மகாவலியின் பழைய வழியே சமநிலத்தில் இறங்கி, வில்லு நிலங்களை நனைத்து, ஏறத்தாழ 335 கிலோமீற்றர் பயணத்தின் முடிவில் கொட்டியாரக் குடாவிற் கலக்கிறது. அதன் கிளையான வெருகல் ஆற்றின் நீரால் அல்லைப் பகுதியில் நெல் விளைகிறது.

இப்பொழுது கச்சானின் புதிர் முற்றாக அவிழ்கிறது. சல்லிக்கு வரும் வழியில் கச்சான் காற்று மலையிலே இறக்கிவைத்த ஈரம், வீணாகிவிடவில்லை. காற்று ஒரு நாளிற் கடக்கும் தூரத்தை, நீர் காட்டிலும் மண்ணிலும் ஆற்றிலும் குளத்திலும் தங்கித் தங்கிப் பல கிழமைகளிற் கடந்து வருகிறது. காற்று கொண்டுவராத மழையை ஆறு கொண்டுவருகிறது. திருகோணமலையிற் பெய்யும் மழையிற் பெரும்பகுதி வாடைக் காலத்தின் நாலைந்து மாதங்களுக்குள் பெய்து தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் கீழ்க்கரை மக்களைத் தாங்குவதிற் பெரும்பங்கு, மலை சேமித்து வைத்த நீருக்கு உண்டு.

சேமிக்கும் காடு குன்றினால் இக்கணக்குப் பிழைக்கும். மழைநீர் மண்ணுள் இறங்காது மேலோடிப் பாயும். மாரியில் வெள்ளம் பெருகும். கோடையில் ஊற்று வற்றும். வெள்ளத்தோடு மண்ணும் இறங்கி அணைகளின் பின்னே வண்டலாகப் படியும். மலைச்சரிவுகளில் காய்கறித் தோட்டங்களிலும் பிறவற்றிலும் அரிக்கப்பட்ட மண்ணால், பொல்கொல்லைத் தேக்கம் கட்டி முடித்த சில ஆண்டுகளிலேயே பெரிதும் தூர்ந்துவிட்டது. அணை கட்டுவதற்கு ஆகும் செலவை நாடு அறியும். காடு ஊதியம் எதுவும் பெறாது செய்யும் தொழிலின் மதிப்பை, அது நின்றுபோகும் காலத்தில்தான் பலரும் அறிகின்றனர்.

ஆதலின், கீழ்க்கரையிலிருந்து ஓட்டன் சமவெளிக்குச் செல்லும் ஒருவர் அங்கு அந்நியராகச் செல்லவில்லை. தம் ஊரின் குளத்துக்கும் குடத்துக்கும் நீர் தரும் இடத்துக்கே செல்கிறார். பாடசாலைப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், உலகமுடிவின் பள்ளத்தைக் காட்டுவதோடு அமையாது, பாசியிலிருந்து சொட்டும் ஒரு துளி நீரையும் காட்டி, அது செல்லும் வழியைச் சொல்லிக்கொடுத்தல் நன்று. பாதையை விட்டு விலகாமை, மரைக்கு உணவிடாமை, கொண்டுசென்ற உறையைத் தாமே மீளக் கொண்டுவருதல், நெருப்பை அணுகவிடாமை என்பன எளிய கடமைகள். இவற்றைச் செய்வோர் மலைக்கு உதவுவதோடு, கச்சான் வீசும் கோடையிலே சல்லியில் தண்ணீருக்காகக் குடம் ஏந்தி நிற்பவருக்கும் உதவியவராவர்.